சென்சார் வைக்க முடியாத இடத்தின் அதிர்வை அறிவது எப்படி? வயலின் முதல் வைரம் வரை சி.வி.ராமன் நடத்திய தேடல்

சி.வி.ராமன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடலின் நீலம், 1928 பிப்ரவரி 28, நோபல் பரிசு. பள்ளிப் பாடப்புத்தகம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஒளியின் பக்கம் முழுமையாகத் திரும்புவதற்கு முன்பு, பத்தாண்டுகளுக்கும் மேலாக அவருடைய முக்கிய ஆய்வுப் பொருளாக இருந்தவை வயலினும் செல்லோவும் வீணையும் தபலாவும்தான். ஒரு பொருள் அதிரும்போது அதன் உள்ளே என்ன நடக்கிறது, நாம் தொட முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதே அவரை விடாமல் துரத்திய கேள்வி.

இன்றைக்குக் கார், விமானம், காற்றாலை வடிவமைக்கும் பொறியாளர்கள் அதே கேள்வியைத்தான் வேறு பெயரில் கேட்கிறார்கள். அந்தப் பெயர் வர்ச்சுவல் சென்சிங். இந்தத் துறையைத் தொடங்கியவர் ராமன் இல்லை. அவர் காலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஆனால் அதன் பலம் எது, பள்ளம் எது என்று புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம்.

வர்ச்சுவல் சென்சிங் என்றால் என்ன?

கடலுக்குள் நிற்கும் ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தூணில் அதிகமாக உளைச்சல் ஏறும் இடம் கடல் தரைக்கு அருகில் இருக்கிறது. அங்கே சென்சார் ஒட்டுவது சிரமம். ஒட்டினாலும் உப்புநீரில் பல ஆண்டுகள் தாங்கும் என்று நம்ப முடியாது. அதனால் கைக்கு எட்டும் கோபுரத்தில் சில இடங்களில் மட்டும் அதிர்வை அளக்கிறார்கள். அந்தத் தூண் எந்தெந்த வடிவங்களில் வளைந்து ஆடும் என்று ஒரு கணித மாதிரி வைத்திருக்கிறார்கள். அளந்த எண்ணையும் மாதிரியையும் சேர்த்து, அளக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

அவ்வளவுதான் விஷயம். எட்டும் இடத்தில் ஓர் அளவு, எட்டாத இடத்துக்கு ஒரு கணக்கு. நடுவில் பாலமாக இயற்பியல்.

சத்தத்துக்கும் இதே வழிதான். காரின் ஹெட்ரெஸ்டில் ஸ்பீக்கர் வைத்து இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால், இரைச்சலை அளக்க வேண்டிய சரியான இடம் பயணியின் காது. காதில் மைக்கை மாட்டிக்கொண்டு யாரும் வண்டி ஓட்ட மாட்டார்கள். எனவே மைக் ஹெட்ரெஸ்டில் இருக்கும். காதில் விழுவதைக் கணக்குதான் சொல்லும். அந்தக் கற்பனை மைக்குக்கு வர்ச்சுவல் மைக்ரோஃபோன் என்று பெயர்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பாலம் தவறாகக் கட்டப்பட்டிருந்தால், அதன் வழியாக வரும் எண்ணும் தவறாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் அது சரியான எண்ணைப் போலவே தெரியும். ராமனின் கதை முழுக்க இந்தப் பாலத்தைப் பற்றியதுதான்.

கணக்கு அதிகாரியின் இன்னொரு வேலை

1888 நவம்பர் 7 அன்று திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் ராமன் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், வயலினும் வாசிப்பார். அப்பாவின் வேலை காரணமாகச் சிறுவயது விசாகப்பட்டினத்தில் கழிந்தது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 18 வயது நிறைவதற்குள்ளேயே லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது.

அன்றைய இந்தியாவில் அறிவியலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 1907ல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அதே ஆண்டில் லோகசுந்தரியுடன் திருமணம். அவர் வீணை வாசிப்பவர்.

கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் இருந்தது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. ராமனுக்கு அது போதும். காலையில் ஆபீசுக்குப் போவதற்கு முன்பும், மாலையில் ஆபீஸ் முடிந்த பிறகும் அங்கே போய்விடுவார். ஆஷுதோஷ் தே என்ற உதவியாளர் அவருக்குத் துணை. பின்னாளில் ராமனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911ல் கல்கத்தா திரும்பியதும் பழையபடி அதே இரட்டை வாழ்க்கை.

பெரிய கருவிகள் வாங்கப் பணம் இல்லாத இடம் அது. கைக்கு எட்டியவை வாத்தியங்கள். அவற்றில்தான் அவர் ஆழமாகத் தோண்டினார்.

வில்லுக்கு அடியில் என்ன நடக்கிறது?

வயலின் தந்தியை வில்லால் இழைக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு மங்கலான பட்டை மட்டுமே. உண்மையில் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு சற்று தூரம் போகிறது, பிறகு சட்டென்று வழுக்கித் திரும்புகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை இப்படி நடக்கிறது. வில் தொடும் அந்தப் புள்ளியில் எதையாவது வைத்து அளக்கப் போனால் அதிர்வே மாறிவிடும்.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில், அதிரும் நுண்ணோக்கி ஒன்றை வைத்து இதன் அடிப்படை வடிவத்தைக் கண்டுபிடித்திருந்தார். தந்தி எந்தக் கணத்திலும் இரண்டு நேர்கோடுகளாக இருக்கிறது. அவை சேரும் முனை தந்தி முழுவதும் ஓடித் திரும்புகிறது. ராமன் இதை வெகுதூரம் கொண்டுபோனார். தந்தியின் எந்தப் புள்ளியின் வேகத்தையும், எதிரெதிராக ஓடும் இரண்டு அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். அந்த வேகத்தில் எத்தனை திடீர்த் தாவல்கள் இருக்கின்றன என்று எண்ணினால், இழைத்த தந்தி எந்தெந்த விதங்களில் அதிர முடியும் என்பதை வரிசையாக வகைப்படுத்திவிடலாம். ஒரு புள்ளியின் அசைவை நகரும் ஒளிப்படத் தகட்டில் பதிந்து, அந்த வடிவியலோடு பொருத்தினால், தகட்டில் பதியாத மற்ற புள்ளிகளின் அசைவையும் வரைந்துவிடலாம்.

1918ல் சங்கத்தின் வெளியீடாக இது ஒரு தனி நூலாகவே வந்தது. வயலின் ஒலியைக் கம்ப்யூட்டரில் உருவாக்க முயலும் ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூலைக் குறிப்பிடுகிறார்கள்.

அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1917ல், ராமன் அரசு வேலையை விட்டிருந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் பாலித் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. சம்பளம் கணிசமாகக் குறைவு. பதவி உயர்வு நிச்சயமாக இருந்த பாதையை விட்டு, தந்தியையும் தோலையும் ஆராயும் பாதைக்கு வந்த மனிதருக்கு அப்போது 28 வயது.

ஓநாய் சுரம்: பெட்டியையும் கணக்கில் சேர்

செல்லோ வாசிப்பவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒலி நிலைக்காமல் உறுமும், விட்டுவிட்டுத் திணறும். ஐரோப்பாவில் அதற்கு ஓநாய் சுரம் என்று பெயர். 1916ல் ராமன் இதைக் கையில் எடுத்தார்.

தந்தியை மட்டும் பார்த்தால் இந்தப் புதிர் விடுபடாது. அந்தச் சுரம் வாத்தியத்தின் பெட்டி இயல்பாக அதிரும் சுரத்தோடு ஒத்துப்போகிறது. பெட்டி பலமாக ஆடத் தொடங்கியதும் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. வில்லின் அழுத்தம் போதாமல் தந்தியின் அடிப்படை அதிர்வு குலைகிறது. ஒலி ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. ஊட்டம் கிடைக்காத பெட்டி அடங்குகிறது. உடனே தந்தி பழைய நிலைக்குத் திரும்ப, மறுபடி முதலிலிருந்து. தந்தி, பெட்டி இரண்டின் அசைவையும் ஒரே நேரத்தில் ஒளிப்படமாகப் பதிந்து ராமன் இதைக் காட்டினார்.

பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாடம். மோட்டாரைத் தனியாக மேடையில் வைத்து அளந்தால் ஓர் அதிர்வு. அதே மோட்டாரைக் காரில் பூட்டினால் வேறோர் அதிர்வு. மாதிரியில் மோட்டார் மட்டும் இருந்து கார் இல்லையென்றால், ஓநாயை அந்தக் கணக்கு பிடிக்காது.

புத்தகம் சொன்னது பொய்த்த இடம்

அடுத்து ராமன் திரும்பியது நம் வாத்தியங்களின் பக்கம்.

மேற்கத்திய ஒலியியலில் ஒரு விதி உண்டு. தந்தியின் நட்டநடுவில் மீட்டினால், நடுப்புள்ளி அசையாமல் இருக்கும் மேற்சுரங்கள் கேட்கவே கூடாது. ராமன் வீணையிலும் தம்புராவிலும் மீட்டிப் பார்த்தார். கேட்கக் கூடாத அந்தச் சுரங்கள் கணீரென்று கேட்டன. காரணம் குதிரையில் இருந்தது. வயலின் குதிரையில் தந்தி கூர்மையான ஒரு விளிம்பில் உட்காருகிறது. வீணையில் மேல்பரப்பு மெல்ல வளைந்தது. தந்தி அதிர அதிர, அது குதிரையைத் தொடும் இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. தம்புராவில் அந்த வேலைக்கு நூலும் சேர்ந்துகொள்கிறது. 1921ல் வெளியான கட்டுரையில் இதைப் பதிவு செய்தார். விதியில் தப்பில்லை. அந்த விதி மனதில் வைத்திருந்த குதிரை வேறு, அவ்வளவுதான்.

தோல் வாத்தியக் கதை இன்னும் சுவாரசியம். ஒரே சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். காது இதைச் சுரமாக ஏற்காது. வெறும் சத்தமாகத்தான் கேட்கும். மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுரத்தோடு பேசுகின்றன?

1920ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பும், 1930களின் நடுவில் விரிவான கட்டுரையும் ராமன் எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டபடி வேறிடத்தில் தட்டுவார். அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும். எந்தச் சுரத்துக்குத் தோல் எந்த வடிவத்தில் ஆடுகிறது என்று அந்த மணல் காட்டிவிடும். பார்த்தால், ஒன்பது தனித்தனி அதிர்வு வடிவங்கள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கின. அந்த ஐந்தும் ஏறத்தாழ 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான விகிதத்தில் இருந்தன. வலந்தலையின் நடுவில் அடுக்கடுக்காகத் தேய்த்து வைக்கும் கருப்புக் கரணைதான் இந்த மாயத்தைச் செய்கிறது. அதன் எடை ஒவ்வோர் அதிர்வையும் வெவ்வேறு அளவில் இழுத்து வரிசையில் நிறுத்துகிறது.

சமன்பாடு எதுவும் கையில் இல்லாமல், தட்டித் தட்டிக் கேட்டே இதைச் சாதித்தவர்கள் வாத்தியம் செய்தவர்கள். அந்தச் செவியறிவை ராமன் தன் கட்டுரைகளில் வியப்போடு பதிவு செய்தார். 1927ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் கையேட்டில் இசைக்கருவிகள் பற்றிய அத்தியாயத்தை எழுதியவரும் அவர்தான்.

மூலக்கூறைத் தொடாமல் கேட்பது

1921ல் இங்கிலாந்து போய்த் திரும்பிய கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தத் திருப்பத்திலும் பழைய கேள்வி அப்படியே இருந்தது.

மூலக்கூறும் அதிர்கிறது. அதன் மேல் மணல் தூவ முடியாது, ஒளிப்படத் தகட்டை அருகில் வைக்க முடியாது. ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் சற்று மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் அளவுதான் மூலக்கூறின் அதிர்வெண். கே.எஸ்.கிருஷ்ணனுடன் சேர்ந்து நடத்திய சோதனைகளில் 1928 பிப்ரவரியில் இது உறுதியானது. 1930ல் நோபல் பரிசு வந்தது. எட்டாத இடத்தின் அதிர்வை எட்டும் இடத்தில் கிடைக்கும் அளவிலிருந்து படிப்பது என்ற வேலையில், ராமன் விளைவைவிட அழகான உதாரணம் சொல்வது கடினம்.

பெங்களூரு: மனிதரின் மறுபக்கம்

1933ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார் ராமன். அதே ஆண்டு அங்கே ஆய்வு மாணவியாகச் சேர வந்த கமலா பாக்வத்தை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவர் மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடுதான் இடம் கிடைத்தது. அந்த ஓராண்டு வேலையைப் பார்த்த பிறகு ராமனின் நிலை மாறியது. மற்ற பெண்களுக்கும் வழி திறந்தது. கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். வாத்தியத்தை மீட்டிப் பார்க்காமல் எந்த விதியையும் நம்பாதவர், மனிதர் விஷயத்தில் முதலில் அதைச் செய்யவில்லை.

நாஜி ஜெர்மனியில் வேலை இழந்திருந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்னை 1935ல் பெங்களூருக்கு அழைத்தவரும் ராமன்தான். நிரந்தரப் பதவி தர அவர் எடுத்த முயற்சி உள் எதிர்ப்பால் நடக்கவில்லை. நிர்வாகச் சண்டைகள் முற்றி 1937ல் ராமனே இயக்குநர் பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

வைரத்தில் வந்த சறுக்கல்

அந்த போர்னுடன்தான் ராமனின் கடைசிப் பெரிய சண்டை.

படிகம் எப்படி அதிர்கிறது என்பது கேள்வி. போர்னின் மாதிரிப்படி படிகத்துக்குள் எல்லா அலைநீளங்களிலும் அலைகள் ஓடலாம். எனவே அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும். ராமன் 1940களில் ஒரு மாற்று மாதிரியை முன்வைத்தார். பக்கத்துப் பக்கத்து அணுத்தொகுதிகள் ஒன்று சேர்ந்தே ஆடும், அல்லது நேரெதிராக ஆடும். எனவே குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டுமே உண்டு. அவருக்குக் கையில் ஆதாரமும் இருந்தது. வைரத்தின் நிறமாலையில் கூர்மையான உச்சிகள் தெரிந்தன. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

சிக்கல் இங்கேதான். போர்னின் மாதிரியிலும், தொடர்ச்சியான பரவலுக்கு நடுவே சில இடங்களில் அதிர்வுகள் நெருக்கமாகக் குவியும். அங்கே கூர்மையான உச்சிகள் வரும். ஒரே அளவுக்கு இரண்டு மாதிரிகளும் கதை சொல்கின்றன. அந்த அளவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் எது சரி என்று தெரியாது.

தீர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. நியூட்ரான்களைப் படிகத்தில் மோதவிட்டு, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் அதிர்வெண் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கும் முறை 1950களில் வளர்ந்தது. 1960களில் வைரத்தையே அப்படி அளந்தார்கள். போர்ன் சொன்ன தொடர்ச்சியான கோடுகள்தான் கிடைத்தன. ராமன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1948ல் தானே தொடங்கிய ராமன் ஆய்வுக் கழகத்தில் தன் கருத்தோடே தொடர்ந்து உழைத்தார். 1954ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் காலமானார். அவர் விருப்பப்படி அந்த வளாகத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது.

இன்றைய பொறியாளருக்கு இதில் என்ன இருக்கிறது?

ஹெட்ரெஸ்ட் விஷயத்துக்குத் திரும்புவோம். இப்படிக் குறைக்கப்படும் இரைச்சலின் அமைதி வட்டம், அந்த ஒலியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும் என்பது துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 69 செ.மீ.; அப்படியென்றால் அமைதி வட்டம் சுமார் 7 செ.மீ. பயணி தலையைக் கொஞ்சம் திருப்பினாலே காது அதற்கு வெளியே போய்விடும். மாதிரியோ காது பழைய இடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் தலை எங்கே இருக்கிறது என்று கேமராவால் பின்தொடரும் முறைகளை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள்.

காற்றாலையிலும் இதே கதை. தூணைச் சுற்றியுள்ள மண் அரிக்கப்பட்டால் தூண் ஆடும் வடிவமே மாறும். முதல் நாள் போட்ட மாதிரியை மாற்றாமல் வைத்திருந்தால், கணக்கு அமைதியாகப் பொய் சொல்லத் தொடங்கும். சென்சாரில் கோளாறு என்றால் பெரும்பாலும் எச்சரிக்கை மணி அடிக்கும். மாதிரி பழசாகிவிட்டால் எதுவும் அடிக்காது.

இதற்காகத் துறை வைத்திருக்கும் மருந்து எளிமையானது. சோதனைக் காலத்தில், நாம் கணக்கிடப் போகும் இடத்திலேயே தற்காலிகமாக ஓர் உண்மையான சென்சாரை வைப்பது. கணக்கு சொல்வதையும் அது சொல்வதையும் ஒப்பிடுவது. காருக்கு மைக் பொருத்திய பொம்மைத் தலையை இருக்கையில் உட்கார வைக்கிறார்கள். தூணுக்கு, எட்டும்வரை ஆழத்தில் சில மாதங்களுக்கு அளவிகளை ஒட்டுகிறார்கள். அதற்குப் பிறகும், நிலைமை மாறும்போதெல்லாம் இன்னொரு முறை.

வீணையில் ராமன் செய்தது இதைத்தான். புத்தகம் கேட்காது என்று சொன்ன சுரத்தை, அந்த இடத்தில் மீட்டிக் கேட்டுப் பார்த்தார். வைரத்தில் நியூட்ரான் அந்த வேலையைச் செய்தபோது, அது சொன்னதை அவர் கேட்கவில்லை. முதல் ராமனுக்குக் கையில் இருந்த கருவிகள் குறைவு, இரண்டாவது ராமனுக்குப் புகழ் அதிகம். மாதிரியைச் சோதிக்கும் துணிவு இந்த இரண்டில் எதையும் பொறுத்ததில்லை என்பதை, அவர் ஆராய்ந்த தந்தியும் வைரமும் சேர்ந்தே நமக்குச் சொல்கின்றன.